மெட்டல் டிரம்மரின் வேகத்தைக் காதால் பிரித்து அறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஹெவி மெட்டலைப் புதிதாகக் கேட்பவர்களில் ஒரு சாரார் "எல்லாம் ஒரே இரைச்சல்" என்பார்கள். இன்னொரு சாரார் "என்ன வேகம்!" என்று வியப்பார்கள். இருவருக்கும் சிக்கல் ஒன்றுதான். எது எங்கே விழுகிறது என்பது காதுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத வேகத்தை வியப்பதில் பாதி இன்பம் கைநழுவிப் போகிறது. உண்மையில் கடினமான இடம் ஓசையின்றிக் கடந்துவிடுகிறது, எளிதான இடத்துக்குக் கைதட்டல் கிடைக்கிறது.

கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். புதியவர்கள் எடுத்த எடுப்பிலேயே கிக் டிரம்மை, அதாவது காலால் பெடலை மிதித்து ஒலிக்கும் டிரம்மை, எண்ணப் போய், பத்து விநாடியில் கைவிட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிக் நான்காவது படியில்தான் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு.

1. தொடங்கும் முன் வேண்டியவை

காதை மூடும் ஹெட்போன் முதல் தேவை. கைபேசி ஸ்பீக்கரில் கிக் டிரம்மின் கனமான ஓசை வராது, தோலில் பெடல் மோதும் "டிக்" மட்டும் வரும். அதைக் கிதாரின் ஓசையிலிருந்து பிரிப்பது தேர்ந்த காதுக்கே சிரமம்.

ஒலியளவைக் குறைத்தே வையுங்கள். சத்தமாகக் கேட்டால்தான் மெட்டல் என்ற எண்ணம் இந்தப் பயிற்சிக்கு உதவாது. கிதாரின் இரைச்சலில் காது சீக்கிரம் களைத்துவிடும். களைத்த காது முதலில் இழப்பது இந்த நுணுக்கத்தைத்தான்.

தட்டினால் வேகத்தைக் காட்டும் வசதியுள்ள மெட்ரோனோம் (சீரான தாளம் தட்டும்) செயலி ஒன்று, பாடலைப் பாதி வேகத்தில் ஓட்டக்கூடிய பிளேயர் ஒன்று, ஒரு தாள், ஒரு பேனா. இவை போதும்.

கேட்பதற்கு மூன்று வகைப் பதிவுகள் வேண்டும். முதலாவது, 1986இல் வெளிவந்த ஸ்லேயர் குழுவின் ஆல்பத்தில் டேவ் லொம்பார்டோவின் வாசிப்பு. இரண்டாவது, நைல் குழுவில் ஜார்ஜ் கோலியாஸின் வாசிப்பு. மூன்றாவது, 2008இல் வந்த மெஷுகா குழுவின் ஆல்பத்தில் தோமாஸ் ஹாகேயின் வாசிப்பு. இந்த மூவரும் மூன்று வேறு திறமைகளின் உச்சம் என்பதால் இந்தத் தேர்வு. இவற்றோடு, டிரம்மரின் கால்கள் தெரியும்படி எடுத்த காணொளி ஒன்றையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பாடலையும் எடுக்காதீர்கள். இருபது முப்பது விநாடிப் பகுதி ஒன்றைத் தேர்ந்து அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். மெட்டலில் தாளத்தின் போக்கு ஒரே பாடலுக்குள் பல தடவை மாறும். நீளமாகக் கேட்டால் எதைக் கண்டுபிடித்தீர்கள் என்பதே மறந்துவிடும்.

2. துடிப்பைப் பிடியுங்கள்

டிரம்ஸைக் கவனிக்காமல் கிதாரையும் பாட்டையும் மட்டும் கேட்டபடி தலையை ஆட்டுங்கள். தலை இயல்பாக எந்த வேகத்தில் ஆடுகிறதோ அதைச் செயலியில் தட்டிப் பாருங்கள். ஒரு எண் வரும். அதுதான் நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்ற பிபிஎம் கணக்கு.

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஒரே பகுதியை ஒருவர் 105 என்பார், மற்றொருவர் 210 என்பார். இரண்டும் ஒரே வேகம்தான், ஒன்று மற்றொன்றின் சரிபாதி. இதை அறியாமல் "இந்த டிரம்மர் 240இல் அடிக்கிறார், அவர் 130இல்தான்" என்று ஒப்பிடுவது வீண். எந்த அடியைத் துடிப்பாகக் கொண்டு எண்ணினீர்கள் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இதைச் சரிபார்க்க ஒரு வழி: கிதார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் இடங்களைக் குறியுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு கிராஷ் சிம்பல் (ஓங்கி ஒலிக்கும் உலோகத் தட்டு) விழும். இரண்டு கிராஷ்களுக்கு நடுவே உங்கள் தலை 8, 16 அல்லது 32 முறை ஆடினால் துடிப்பு பிடிபட்டுவிட்டது. 13, 19 என்று வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: எண்ணிக்கை எங்கோ வழுக்கியிருக்கும், அல்லது நீங்கள் எடுத்தது சீரற்ற தாளத்தில் அமைந்த பகுதி. முதல் முயற்சிக்கு வேறு பகுதியை எடுப்பது நல்லது.

3. ஸ்னேர் விழும் இடத்தைக் குறியுங்கள்

டிரம் கிட்டில், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மின் ஓசைதான் கூர்மையானது. எவ்வளவு இரைச்சலிலும் அது தனியே கேட்கும். அதனால்தான் கிக்குக்கு முன்னால் இது.

நான்கு துடிப்புகளை ஒரு சுற்றாக எண்ணுங்கள். ஸ்னேர் 2, 4இல் விழுந்தால் அது வழக்கமான ராக் நடை. மூன்றாவது துடிப்பில் மட்டும் விழுந்தால் பாடலே பாதி வேகத்தில் நடப்பதுபோல் கனமாகத் தோன்றும். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில், அதாவது அரைத் துடிப்பில் விழுந்தால் அது த்ராஷ் என்ற வேகமான மெட்டல் வகையின் தாளம். கிக் துடிப்பில், ஸ்னேர் இடைவெளியில் என மாறி மாறி வரும். லொம்பார்டோவிடம் இதைத் தெளிவாகக் கேட்கலாம்.

இதைக் குறித்துவிட்டால் ஒரு மாயை உடையும். "இங்கே பாட்டு திடீரென்று வேகமெடுக்கிறது" என்று சொல்லப்படும் இடங்கள் பலவற்றில் பாட்டின் வேகம் மாறியிருக்காது. மெட்ரோனோம் அதே எண்ணில் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்னேர் விழும் இடம் மட்டும் இரட்டிப்பாகியிருக்கும். கிதாரை மட்டும் கேட்டுப் பாருங்கள், அது பழையபடியே போகும். வேகத்தைக் கூட்டாமல் வேக உணர்வைக் கூட்டுகிற இந்த உத்தியை நான் மிகவும் மதிக்கிறேன். டிரம்மர் ஒரு கையின் இடத்தை மாற்றி முழுக் குழுவின் நடையையே மாற்றிவிடுகிறார்.

4. கிக்கை எண்ணுங்கள்

நமக்குக் கைவசம் ஒரு நல்ல கருவி இருக்கிறது. ஒரு துடிப்பை நான்காகப் பிரிக்க "தகதிமி", மூன்றாகப் பிரிக்க "தகிட". தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது இன்னும் எளிது. மெட்டலின் இரட்டைக் கிக் ஓட்டங்களில் பெரும்பகுதி தகதிமிதான். வலது கால் "த", "தி". இடது கால் "க", "மி".

முதலில் பகுதியைப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். துடிப்புக்குத் தலை ஆடட்டும், வாய் தகதிமி சொல்லட்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கிக் விழுந்தால் அது நான்கின் ஓட்டம். "த" மட்டும் பொருந்தி மற்றவை விலகினால் தகிடவை முயலுங்கள். "க"வின் இடம் காலியாகவும் "த", "தி", "மி" மட்டும் ஒலிப்பதாகவும் இருந்தால் அது குதிரை ஓட்ட நடை. மெட்டல் முழுக்க இதைக் கேட்கலாம்.

பிறகு இயல்பான வேகத்துக்கு வாருங்கள். இப்போது நாலெழுத்தையும் சொல்ல நாக்கு ஈடுகொடுக்காது. சொல்லவும் வேண்டாம். "த" மட்டும் சொல்லுங்கள், மற்ற மூன்றையும் காது நிரப்பிக்கொள்ளும். பாதி வேகத்தில் பழகாமல் நேராக இதற்கு வருபவர்களுக்குக் கிக் ஒரு தொடர் உறுமலாக மட்டுமே கேட்கும்.

இனி கணக்கு. துடிப்பை நான்கால் பெருக்கி அறுபதால் வகுத்தால் ஒரு விநாடியில் எத்தனை கிக் என்று தெரியும். 120இல் விநாடிக்கு 8, ஒரு காலுக்கு 4. 200இல் விநாடிக்கு 13.3, ஒரு காலுக்கு ஏறக்குறைய 7. இரண்டு அடிகளுக்கு நடுவே 75 மில்லி விநாடிதான். 240இல் விநாடிக்கு 16, ஒரு காலுக்கு 8. இந்த எண்களைத் தாளில் எழுதி, பக்கத்தில் எந்தப் பகுதி என்றும் குறித்து வையுங்கள். கடைசிப் படியில் தேவைப்படும்.

எண்ணியது சரியா என்று ஐயம் இருந்தால், டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் பதிவு ஒன்றை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து, ஒரு விநாடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிக் ஒவ்வொன்றும் ஒரு முகடாகத் தெரியும். முழுக்குழுவின் பதிவில் கிதார் அந்த முகடுகளை மூடிவிடும் என்பதால் அதில் முயல வேண்டாம்.

எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். நல்ல டிரம்மரையும் சிறந்த டிரம்மரையும் பிரிப்பது சமநிலை. பெரும்பாலோருக்கு இடது கால் நலிந்தது. "க", "மி" மெலிந்தும், சற்றுப் பிந்தியும் விழும். நீண்ட ஓட்டத்தின் கடைசி நான்கு துடிப்புகளைத் தனியே கேளுங்கள். கால் களைப்பது அங்கேதான் வெளிப்படும். நான்கும் ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் கடைசிவரை விழுந்தால் தயங்காமல் வியந்து பாராட்டலாம்.

5. பிளாஸ்ட் பீட் எந்த வகை?

த்ராஷ் தாளத்தை இரண்டு மடங்காக்கினால் பிளாஸ்ட் பீட் கிடைக்கும். இது ஒரே ஒரு தாளம் என்று நினைப்பது பரவலான தவறு. வகையைப் பிரிக்கத் தெரியாவிட்டால் யார் எவ்வளவு உழைக்கிறார் என்பது தெரியாது. தகதிமியைக் கொண்டே பிரிக்கலாம்.

மரபான பிளாஸ்டில் கிக் "த", "தி"யிலும், ஸ்னேர் "க", "மி"யிலும் விழும். சிம்பல் கிக்கோடு சேர்ந்து போகும். இரண்டும் மாறி மாறி வருவதால் ஓசை உருண்டு ஓடும். ஒரே காலால் 200இல் இதை வாசித்தால் அந்தக் கால் விநாடிக்கு ஏறக்குறைய 7 முறை மிதிக்க வேண்டும். அதைத் தவிர்க்கச் சிலர் இரண்டு கால்களுக்கும் பங்கிட்டுவிடுவார்கள். காதுக்கு வேறுபாடு தெரியாது, காணொளியில் தெரிந்துவிடும்.

ஹாமர் பிளாஸ்டில் கிக், ஸ்னேர், சிம்பல் மூன்றும் "த", "தி"யில் ஒன்றாக இறங்கும். ஓசை தட்டையாக, சுத்தியல் அடிபோல இருக்கும். இதைச் சுலபம் என்று ஒதுக்குகிறார்கள். மூன்று அடிகள் மயிரிழையும் பிசகாமல் ஒன்றாக விழ வேண்டும் என்பதால், சிறு பிழையும் இதில் உடனே கேட்கும்.

பாம் பிளாஸ்டில் கிக் நான்கு எழுத்துகளிலும் ஓடும், ஸ்னேர் இரண்டில் விழும். கோலியாஸ் போன்றவர்களிடம் கால், கை இரண்டும் முழு உழைப்பில் இருக்கும் இடம் இது.

கிராவிட்டி பிளாஸ்ட் என்று ஒன்று உண்டு. குச்சியை ஸ்னேரின் விளிம்பில் ஊன்றி, கையின் ஒரே மேல்கீழ் அசைவில் இரண்டு அடிகளை எடுப்பார்கள். ஸ்னேரின் கனம் சட்டென்று குறைந்து, உருட்டல்போலக் கேட்டால் இதுவாக இருக்கலாம். உறுதி செய்யக் கண்ணால் பார்க்க வேண்டும்.

6. இப்போது காணொளியைப் பாருங்கள்

காது தயாரான பிறகே கண். முதலிலேயே காணொளி பார்த்தவர்கள் தலைமுடி சுழல்வதையும் கை பறப்பதையும் வேகம் என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மை நேர்மாறானது. வேகம் கூடக் கூட அசைவு சிறுத்துக்கொண்டே போகும்.

முதலில் தொடையைப் பாருங்கள். மிதமான வேகத்தில் கால் முழுவதும் இடுப்பிலிருந்து ஏறி இறங்கும். வேகம் ஏறும்போது தொடை ஏறக்குறைய அசைவற்றுப் போய், கணுக்கால் மட்டும் துடிக்கும். அந்த மாற்றம் எந்த வேகத்தில் நடக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பலருக்கு 150க்கும் 180க்கும் நடுவில் நடக்கும். சில டிரம்மர்கள் குதிகாலை இடமும் வலமும் திருப்பி ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் அடி எடுப்பார்கள். சிலர் குதிகாலால் ஒன்று, முன்பாதத்தால் ஒன்று என ஒரே காலில் இரட்டை அடி எடுப்பார்கள். பின்னதில் வலது கால் "தக", இடது கால் "திமி" என்று பங்கு மாறுவதால், கிக்குகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு கேட்டால் இதை ஐயுறலாம்.

அடுத்து கை. குச்சி எவ்வளவு உயரம் எழுகிறது, விரல்கள் திறந்து மூடுகின்றனவா, தோள் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். தேர்ந்தவர்கள் தோலிலிருந்து துள்ளி எழும் குச்சியை விரலால் வாங்கித் திருப்பி அனுப்புகிறார்கள். தூக்கும் வேலையைத் தோலே செய்துவிடுகிறது. தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கினால் டிரம்மர் தன் எல்லையைத் தொட்டுவிட்டார் என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. விநாடிக்கு 30 சட்டகம் ஓடும் காணொளியில், விநாடிக்கு 7 முறை அசையும் காலின் ஓர் அடிக்கு நான்கு சட்டகங்களே கிடைக்கும். குச்சி மங்கலாக, சில சமயம் அடி தவறியதுபோலக்கூடத் தெரியும். 60 சட்டகக் காணொளி கிடைத்தால் அதையே பாருங்கள்.

7. டிரிகரைப் பற்றி ஒரு தெளிவு

"இதெல்லாம் டிரிகர், ஏமாற்று" என்ற பேச்சு உங்கள் காதில் விழும். டிரிகர் என்பது டிரம்மின் விளிம்பில் பொருத்தும் உணரி. தோலின் அதிர்வை உணர்ந்ததும், முன்பே பதிந்த ஓர் ஓசையை ஒலிக்கச் செய்யும். சரியாக அமைத்திருந்தால், மிதிக்காத அடியை அது உண்டாக்காது. இதை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள்.

அது செய்வது மெல்லிய அடியையும் பலமான அடியையும் ஒரே கனமாக்குவது. ஆகவே நான்காம் படியில் சொன்ன கனச் சமநிலையை டிரிகர் உள்ள பதிவில் எடைபோட முடியாது. ஆனால் இடைவெளிச் சமநிலையை முன்னைவிடத் தெளிவாகக் கேட்கலாம். ஒவ்வொரு அடியும் துல்லியமாக ஒலிப்பதால் பிந்திய அடி பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

இடைவெளியைத் திருத்துவது ஸ்டூடியோவின் வேலை. பதிவுக்குப் பின் ஒவ்வொரு அடியையும் கணினியில் நகர்த்திக் கட்டத்தில் பொருத்தலாம். எனவே ஒருவரின் காலத் துல்லியத்தை அறிய மேடைப் பதிவையே நம்புங்கள். கிக் "டிக்" என்று ஒலித்தாலே டிரிகர் என்று முடிவுகட்டவும் வேண்டாம். மரம், பிளாஸ்டிக் போன்ற கடினமான முனையுள்ள பீட்டரும் (தோலில் மோதும் பெடலின் சுத்தி), ஒலிக்கலவையில் மேல் அலைவரிசையைக் கூட்டுவதும் அதே ஓசையைத் தரும்.

8. வேகம் இல்லாத இடத்தில் உள்ள கடினம்

இந்தப் படியைப் பலர் தவிர்க்கிறார்கள். எனக்கு இதுவே மிகப் பிடித்தது. மெஷுகாவின் ஹாகேயைக் கேட்கும்போது பெரும்பாலும் கையில் சிம்பல் நிதானமாக நான்கு துடிப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும், ஸ்னேர் மூன்றில் விழும். கால்களோ கிதாரோடு சேர்ந்து ஐந்து, ஏழு எழுத்து போன்ற நீளமுள்ள தாளச் சொற்களை ஓட்டும். கையும் காலும் இரண்டு கணக்குகளில் நடக்கின்றன.

முதலில் சிம்பலை மட்டும் கேட்டு நான்கு எண்ணுங்கள். காலைக் கேட்கவே கூடாது. அது உறுதியான பிறகு, கையால் மேசையில் நான்கைத் தட்டியபடி, கால்களின் சொல்லை வாயால் சொல்லிப் பாருங்கள். மாறிப் பிடிப்பதுதான் புதியவர்களின் தவறு. காலைப் பின்தொடர்ந்து தலையை ஆட்டினால் இரண்டு சுற்றுக்குள் நான்கு தொலைந்துவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். நான்கு சுற்றுகளில், சுற்றுக்குப் பதினாறு வீதம் 64 அட்சரங்கள், அதாவது எழுத்துகள். கால் "தகதகிட" என்று ஐந்தைந்தாக ஓடினால் 12 முறையில் 60 தீரும், 4 எஞ்சும். அங்கே ஒரு "தகதிமி" வைத்து மூடினால் ஐந்தாம் சுற்றின் தொடக்கத்தில் கையும் காலும் ஒன்றாக வந்து நிற்கும். எட்டுச் சுற்றானால் 128. இருபத்தைந்து தகதகிட, எஞ்சுவது ஒரு தகிட. மிருதங்கத்தில் கோர்வை சமத்துக்கு வந்து சேர்வதை ரசித்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மெஷுகாவின் ரிஃப்கள் பல இந்த முறையில்தான் அமைந்தவை. ஒற்றைப்படை நீளச் சொல் சுழன்றுகொண்டே போய், நான்கின் கட்டம் முடியும் இடத்தில் வெட்டப்பட்டு மறுபடி தொடங்கும். அந்த வெட்டு விழும் இடத்தை ஒருமுறை பிடித்துவிட்டால் போதும், பாடலின் உருவமே மாறித் தெரியும்.

9. நேரில் பார்க்கப் போனால்

காது அடைப்பான் கட்டாயம். சாதாரணப் பஞ்சு போதாது, கச்சேரிக்கென்றே விற்கும் அடைப்பான் வாங்குங்கள். அது எல்லா ஓசைகளையும் சமமாகக் குறைப்பதால் ஸ்னேரும் சிம்பலும் இன்னும் தெளிவாகப் பிரியும். நடுவில் நின்றால் கிட்டுக்குப் பின்னால் டிரம்மர் மறைந்துபோவார். மேடையின் பக்கவாட்டில் நின்றால் காலில் ஒன்றாவது தெரியும்.

10. உங்கள் காலால் அளந்து பாருங்கள்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், உங்கள் தாளில் இப்போது எண்கள் இருக்கின்றன என்பதுதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். தொடை முழங்காலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கட்டும். குதிகாலைத் தரையிலிருந்து லேசாக உயர்த்துங்கள். மெட்ரோனோமை 60இல் வைத்து, வலது இடது என மாறி மாறித் தகதிமி தட்டுங்கள். ஒரு நிமிடம் சீராக வந்தால் பத்து கூட்டுங்கள்.

எந்த எண்ணில் இடது கால் பிந்துகிறது, எந்த எண்ணில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை எரிகிறது என்று எழுதுங்கள். எரிச்சல் இயல்பு, வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். பெடலில் சுருள்வில் காலைத் திருப்பி எழுப்பித் தரும், தரையில் அந்த உதவி கிடையாது. ஆகவே உங்கள் எண்ணை டிரம்மரின் எண்ணோடு நேராக ஒப்பிட வேண்டாம். சீர் குலையும் விதத்தை ஒப்பிடுங்கள்: எது முதலில் போகிறது, கனமா, இடைவெளியா?

அடுத்துக் கேட்க, உங்கள் பட்டியலில் 160க்கும் 180க்கும் நடுவே ஓடும் பகுதி ஒன்றை எடுங்கள். தொடை அசைவிலிருந்து கணுக்கால் அசைவுக்குப் பலர் மாறும் வேகம் அது. மாறும்போது தடுமாற்றம் அதிகம் நேரும். அந்த வேகத்தில் நான்கெழுத்தும் சமமாக விழுகின்றனவா என்பதை முதலில் மேடைப் பதிவில் கேட்டுவிட்டு, பிறகு ஸ்டூடியோ பதிவுக்கு வாருங்கள்.